பிரிட்டனில் தள்ளுபடிக் கூப்பன்: எங்கே செல்லும், எங்கே செல்லாது, ஏன்?

லண்டனுக்கு வந்த மூன்றாவது வாரம். ஒரு பத்திரிகையோடு தேயிலைக்கான 50 பென்ஸ் தள்ளுபடிக் கூப்பன்கள் இரண்டு கிடைத்தன. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சூப்பர்மார்க்கெட்டில் ஒன்றைக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் பேசாமல் வாங்கிக் கழித்துக்கொண்டார். அடுத்த வாரம் அதே நிறுவனத்தின் வேறொரு கிளையில், அதே தேயிலைக்கு, இரண்டாவது கூப்பனை நீட்டினேன். "இதெல்லாம் நாங்கள் வாங்குவதில்லை" என்றார் அங்கிருந்தவர். எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள். முழு விலையையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று வழியெல்லாம் ஒரே யோசனை. என் ஆங்கிலம் புரியவில்லையோ, என்னைப் பார்த்ததும் ஏமாற்ற வந்தவள் என்று நினைத்துவிட்டாரோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. புதிதாக வந்த பலர் இப்படி ஒரே ஒரு தடவை மறுக்கப்பட்டதோடு கூப்பன் பக்கமே போகாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதை விளக்கியவர் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் கணவரோடு சிறிய மளிகைக் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். "கூப்பன் எண்டா அது வேற ஒருத்தர் எங்களுக்குத் தர வேண்டிய காசு, பிள்ளை. அது திரும்பி வருமோ எண்டு பாத்துத்தான் வாங்குவம்" என்றார். கடைக்குக் கடை விதி மாறுவதற்கான காரணம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

முதல் வேலை: தள்ளுபடியை யார் தருகிறார் என்று பாருங்கள்

கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

தயாரிப்பாளர் வெளியிடும் கூப்பன் ஒரு வகை. தேயிலை நிறுவனமோ சோப்பு நிறுவனமோ அச்சடித்துப் பத்திரிகையிலும் பாக்கெட்டுக்குள்ளும் வைப்பது, இணையத்தில் நாமே அச்சிட்டுக்கொள்ளத் தருவது எல்லாம் இதில் சேரும். கடைக்காரர் நமக்கு 50 பென்ஸைக் கழித்துவிட்டு, அந்தத் துண்டுச்சீட்டுகளைச் சேர்த்து, கூப்பன் கணக்குத் தீர்க்கும் நிறுவனத்துக்கு அனுப்புகிறார். தயாரிப்பாளரின் பணம் அதன் வழியாகக் கடைக்கு வந்து சேர்கிறது. தேதி தாண்டிய கூப்பன், வேறு பொருளுக்கு வாங்கிய கூப்பன், நகல் எடுத்த கூப்பன் என்றால் தயாரிப்பாளர் பணம் தர மறுக்கலாம். நஷ்டம் கடைக்குத்தான்.

கடையே தரும் கூப்பன் இரண்டாவது வகை. "40 பவுண்டுக்கு வாங்கினால் 5 பவுண்டு தள்ளுபடி" என்று தபாலிலோ செயலியிலோ வருவது. இது கடையின் சொந்தப் பணம். அதனால் அந்த நிறுவனத்தில் மட்டும்தான் செல்லும், அவர்கள் வைத்த நிபந்தனைப்படிதான் செல்லும்.

மூன்றாவது வகை, வவுச்சர். டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டின் கிளப்கார்டு போன்ற அட்டையில் புள்ளி சேர்த்து நாம் சம்பாதித்தது. டெஸ்கோவில் 1 பவுண்டுக்கு 1 புள்ளி. 150 புள்ளி சேர்ந்தால் 1.50 பவுண்டு வவுச்சராக வரும். அது இரண்டு வருடம் செல்லும். கூப்பனோ சில வாரங்களில் காலாவதியாகிவிடும். இரண்டும் ஒரே உறையில் வருவதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். வவுச்சரைப் பணம் போல நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான பொருளுக்கு எடுப்பார்கள். கூப்பனுக்கு நிபந்தனை உண்டு. ஒரு தோழி, கூப்பனை இரண்டு வருடம் வைத்திருக்கலாம் என்று நினைத்து ஒரு கட்டையே வீணாக்கினார்.

கூப்பனின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சின்ன எழுத்து என்று தள்ளிவிட வேண்டாம். இரண்டு பத்திதான் இருக்கும். ஒன்று வாடிக்கையாளருக்கு, மற்றது கடைக்காரருக்கு. வாடிக்கையாளருக்கான பத்தியில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி எழுதியிருக்கும்: இன்ன பொருளுக்கான விலையில் ஒரு பகுதியாக இதைப் பயன்படுத்தலாம், ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன், வேறு பொருளுக்குக் கொடுக்க முயல வேண்டாம், மறுக்கப்பட்டால் கவுண்டரில் சங்கடமும் தாமதமும் ஏற்படலாம். நான் பட்ட அதே சங்கடத்தை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

"விலையில் ஒரு பகுதி" என்ற சொல்லைக் கவனியுங்கள். 1 பவுண்டு கூப்பனை வைத்துக்கொண்டு 90 பென்ஸ் பொருளை எடுத்தால், மீதி 10 பென்ஸ் கைக்கு வராது. சில கடைகளில் இயந்திரம் 90 பென்ஸை மட்டும் கழிக்கும், சில கடைகளில் கூப்பனையே ஏற்காது. கூப்பனின் ரொக்க மதிப்பு 0.001 பென்ஸ் என்றும் அதிலேயே அச்சாகியிருக்கும். பணமாக மாற்ற முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது.

படிக்க வேண்டியவை நான்கு: கடைசித் தேதி, பொருளின் அளவு, எந்த வகை, எந்தெந்தக் கடை. 240 பை உள்ள பெட்டிக்கு என்று போட்டிருந்தால் 80 பை உள்ள பெட்டிக்குச் செல்லாது. புதினா வாசனைக்கு என்று போட்டிருந்தால் எலுமிச்சைக்குச் செல்லாது. பொருளின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

பார்கோடையும் ஒரு தடவை பார்த்து வையுங்கள். பிரிட்டனில் பதிவான நிறுவனங்களின் பொருள்களில் பார்கோடு எண் 50 என்று தொடங்கும். கூப்பன் பார்கோடு 99 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வெளியிட்டவரின் எண், சலுகையின் எண், தள்ளுபடித் தொகை, இவ்வளவுதான் இருக்கும். பொருளின் சொந்த எண் அதில் இருக்காது. இந்தச் சலுகை இந்தப் பொருளுக்கு என்று கடையின் கணினியில் யாராவது முன்பே ஏற்றி வைத்திருந்தால்தான் இயந்திரம் தானாகச் சரிபார்க்கும். ஏற்றவில்லை என்றால் கேஷியர்தான் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு கேஷியர் நிதானமாகப் படிப்பார், இன்னொருவர் வரிசை நீள்வதைப் பார்த்து "வேண்டாம்" என்பார். அன்று எனக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் கடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ், அஸ்டா, மொரிசன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தின் உதவிப் பக்கத்தில் கூப்பன் விதியை எழுதி வைத்திருக்கும். அவ்வப்போது மாற்றவும் செய்யும். போகும் நாளில் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் குரலை உயர்த்துவதைவிட அந்தப் படத்தைக் காட்டுவது நல்ல பலன் தரும்.

வருடக்கணக்காக இங்கே இருப்பவர்கள், "அந்தப் பொருளை வாங்கவே வேண்டாம், கடையில் அது விற்பனையில் இருந்தால் போதும், கூப்பனைக் கழிப்பார்கள்" என்று சொல்லக் கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சில பெரிய கடைகள் உண்மையிலேயே அப்படிச் செய்தன. தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள், கடைகளும் பிடியை இறுக்கிவிட்டன. அந்த வழக்கத்தை நம்பி இன்று போகாதீர்கள். கூப்பனில் உள்ள பொருளை வாங்கித்தான் கூப்பனைக் கொடுக்க வேண்டும்.

ஒரே பெயர்ப் பலகை என்பதால் ஒரே கடை என்று நினைக்கவும் கூடாது. கோ-ஆப் நல்ல உதாரணம். ஊருக்கு ஊர் அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள், ஆனால் பின்னால் இருப்பவை தனித்தனிக் கூட்டுறவுச் சங்கங்கள். ஒரு சங்கத்தில் உறுப்பினராகிப் பெற்ற சலுகை அடுத்த ஊரில் அதே பெயரில் உள்ள கடையில் கிடைக்காமல் போகலாம். ஸ்பார், லோண்டிஸ், பட்ஜென்ஸ், நிசா என்ற பலகைகளுக்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் தனி முதலாளிகள். நம்மவர்களும் நிறையப் பேர் நடத்துகிறார்கள். பலகை பொது, கல்லா தனி. பெரிய நிறுவனங்களின் சிறு கிளைகளிலும் பெட்ரோல் நிலையக் கடைகளிலும் செல்லாது என்று கடைக் கூப்பன்களிலேயே போட்டிருப்பது வழக்கம், அதையும் பாருங்கள்.

நம் தமிழ்க் கடைகளில் கூப்பனை நீட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பெரிய கடையில் இதற்கென்று அலுவலகமே இருக்கும். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ கணவனும் மனைவியுமாக நிற்கும் கடையில், கூப்பனைச் சேர்த்து, எண்ணி, உறையில் போட்டு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐந்தாறு கூப்பனுக்காக அந்த வேலை கட்டுபடியாகாது. வாங்க மறுத்தால் வருத்தப்படாதீர்கள்.

கடைக்குள்: முதலில் கேளுங்கள், பிறகு எடுங்கள்

அக்கா சொன்ன இன்னொன்று: "முதல்ல கேட்டுப்போட்டுச் சாமானை எடு, பிள்ளை. கூடையை நிரப்பிப்போட்டுக் கேக்காதை." உள்ளே நுழைந்ததும் வாடிக்கையாளர் சேவை மேசை இருக்கும். "டூ யூ அக்செப்ட் மணி-ஆஃப் கூப்பன்ஸ்?" என்று கூப்பனைக் காட்டிக் கேட்டால் போதும். அரை நிமிட வேலை. சரி என்றவரின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் தகராறு வந்தால் அவரையே அழைக்கச் சொல்லலாம்.

பொருளை எடுத்ததும் கூப்பனில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் கடையின் சொந்தப் பிராண்டின் விலையையும் பாருங்கள். டப்பாத் தக்காளி பெயர்பெற்ற பிராண்டில் 1.40 பவுண்டு, கூப்பன் 50 பென்ஸ் என்றால் 90 பென்ஸ் ஆகிறது. கடையின் சொந்த டப்பா 50 பென்ஸ் என்றால் கூப்பனைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ரசத்தில் எந்தத் தக்காளி என்று யாரும் கேட்கப் போவதில்லை. அலமாரி விலைச்சீட்டின் ஓரத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு, நூறு கிராமுக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பாக்கெட்டின் அளவு மாறும்போது அந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

உறுப்பினர் விலையும் உண்டு. டெஸ்கோவில் கிளப்கார்டு விலை, செயின்ஸ்பரீஸில் நெக்டர் விலை என்று அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் குறைந்த விலை காட்டுவார்கள். அட்டை இலவசம், வந்த முதல் வாரமே எடுத்துவிடுங்கள். இந்த விலைக் குறைப்பு உண்மைதானா என்ற சந்தேகம் இங்குள்ளவர்களுக்கே இருந்தது. நிறுவனங்களின் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டி மற்றும் சந்தை ஆணையம் ஏறக்குறைய 50,000 பொருள்களை ஆராய்ந்து, அவற்றில் 92 சதவீதத்தில் வழக்கமான விலையைவிடக் குறைவாகவே இருந்தது என்று 2024 நவம்பரில் அறிவித்தது. ஆனாலும் அது அதே கடையின் வழக்கமான விலையோடு ஒப்பிட்டது. அடுத்த தெருவில் ஆல்டியில் அதைவிட மலிவாக இருக்கலாம். ஆல்டியில் அட்டையும் கிடையாது, புள்ளியும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை.

லிடில் கடைக்குப் போவதாக இருந்தால், லிடில் பிளஸ் செயலியில் உள்ள கூப்பனைப் பணம் கட்டுவதற்கு முன்பே தொட்டு இயக்க வேண்டும். செயலியில் இருக்கிறது என்பதாலேயே தானாகக் கழியாது. நிறையப் பேர் இழப்பது இந்த ஒரு தொடுதலில்தான்.

"40-க்கு வாங்கினால் 5 தள்ளுபடி": இந்தக் கணக்கில்தான் அதிகம் ஏமாறுகிறோம்

ஒரு உதாரணம். அலமாரி விலைப்படி கூட்டி 41.20 பவுண்டுக்குக் கூடையை நிரப்பிவிட்டீர்கள். அட்டையைக் காட்டியதும் உறுப்பினர் விலையில் 2.60 குறைந்து 38.60 ஆகிறது. இப்போது கூப்பனைக் காட்டினால் இயந்திரம் ஏற்காது. 40 பவுண்டு என்பது மற்ற விலைக் குறைப்புகள் போன பிறகு மிஞ்சும் தொகை என்றே பல கடைகள் கணக்கிடுகின்றன. அதோடு சிகரெட், லாட்டரிச் சீட்டு, தபால்தலை, பரிசு அட்டை, பெட்ரோல் ஆகியவற்றைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மதுவைச் சில கடைகள் சேர்க்கும், சில சேர்க்காது.

கைக்குழந்தை இருப்பவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து கொடுக்கும் முதல்நிலைப் பால்மாவை விலை குறைத்தோ கூப்பன் கொடுத்தோ விற்பனை பெருக்குவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தாய்ப்பாலுக்குப் போட்டியாக அதை விளம்பரப்படுத்தக் கூடாது என்பதற்காக வந்த விதி. அதற்கான கூப்பனைக் கேஷியர் மறுத்தால் அது அவர் முடிவல்ல.

ஆகவே எல்லைத் தொகைக்கு மேல் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தேவையில்லாத பிஸ்கட்டையும் ஐஸ்கிரீமையும் அள்ள வேண்டாம். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், துணி துவைக்கும் தூள் போன்ற கெடாத பொருளில் ஒன்றைக் கடைசி வரை ஓரமாக வைத்திருங்கள். தொகை போதவில்லை என்றால் சேர்க்கலாம், போதுமென்றால் விட்டுவிடலாம். இன்னொரு நிபந்தனை: இப்படிப்பட்ட கூப்பனை ஒரு பில்லுக்கு ஒன்றுதான் ஏற்பார்கள்.

கவுண்டரில்

முதல் சில தடவை ஆள் இருக்கும் கவுண்டருக்கே போங்கள். நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் செல்ஃப் செக்அவுட்டில் கூப்பனைக் காட்டினால் பெரும்பாலும் விளக்கு எரிந்து பணியாளர் வர வேண்டியிருக்கும், பழக்கமில்லாதபோது பதற்றம்தான் மிச்சம். காலை நேரமோ வாரநாள் மதியமோ நல்லது. சனிக்கிழமை மாலையில் ஐந்து கூப்பனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கூப்பனுக்குரிய பொருள்களைக் கவுண்டரின் நகரும் பட்டையில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். பொருள் எல்லாம் பதிவான பிறகு, பணம் கட்டுவதற்கு முன், அட்டையோடு சேர்த்துக் கூப்பனைக் கொடுங்கள். பணம் கட்டி முடிந்த பின் கொடுத்தால் பில்லையே ரத்து செய்து மறுபடி போட வேண்டும், பல கடைகளில் முடியாது என்றுவிடுவார்கள். பொருளை முழுக்க இலவசமாகத் தரும் கூப்பன்களில் விலையை எழுத ஒரு கட்டம் இருக்கும். அதைக் கேஷியர் கையால் எழுதுவார், அதற்கு ஒரு வரம்புத் தொகையும் உண்டு.

மறுத்துவிட்டால்

காரணத்தைக் கேளுங்கள். தேதி, அளவு, கடை விதி, இயந்திரம் ஏற்கவில்லை, இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டும் என்றால் நம் பிழை. கடை விதி என்றால் கைப்பேசியில் உள்ள ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். இயந்திரம்தான் பிரச்சினை என்றால், "சூப்பர்வைசரை ஒரு தடவை பார்க்கச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். கேஷியருக்கு இல்லாத அதிகாரம் அவருக்கு இருக்கும். ஒரு தடவை கேட்பது போதும்.

அவரும் மறுத்தால், "அப்படியானால் இந்தப் பொருள் வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பணம் கட்டும்வரை எதையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. தயாரிப்பாளரின் கூப்பனை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கும் இல்லை. அன்று தேயிலையைத் திருப்பி வைக்கலாம் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் முழு விலை கொடுத்தேன். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, இங்கே பொருளைத் திருப்பி வைப்பது தினமும் நடப்பது.

வீட்டுக்கு வந்து கூப்பனைப் படம் எடுத்து, கிளை, தேதி, நேரம் குறிப்பிட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். தயாரிப்பாளருக்கும் எழுதலாம். கடை தானே விளம்பரம் செய்த சலுகையைத் தானே மறுத்தால் மட்டும் விஷயம் வேறு. அதை, இலவச ஆலோசனை தரும் தொண்டு அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

செய்யவே கூடாதவை

கூப்பனை நகல் எடுக்காதீர்கள். இணையத்தில் அச்சிடும் கூப்பன் பலவற்றில் தனி எண் இருக்கும், இரண்டாவது பிரதி வந்ததும் தெரிந்துவிடும். இது மோசடிக் குற்றம். விசாவில் இருப்பவர்கள் 1 பவுண்டுக்காக அந்த ஆபத்துக்குள் போகவே கூடாது. வாட்ஸ்அப்பில் "சூப்பர்மார்க்கெட் ஆண்டுவிழா, 75 பவுண்டு வவுச்சர் இலவசம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வருவதைத் திறக்காதீர்கள். பெயர், பிறந்த தேதி, வங்கி விவரம் கேட்பார்கள். ஊரில் இருக்கும் அம்மா அனுப்பினாலும் அழித்துவிட்டு, அவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பில்லைப் பாருங்கள். கூப்பன் தொகை கழித்தல் குறியோடு தனி வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நேராக வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால், அதற்குள் உங்கள் கூப்பன் கேஷியரின் பெட்டிக்குள் மற்றவர்களின் கூப்பனோடு கலந்திருக்கும்.